மதுரை வட்டாரத்தில் மிதிவண்டி வணிகம்: வி.பி.பி. முறை முதல் இணையவழிக் கொள்முதல் வரை

ஆய்வுச் சுருக்கம்

மிதிவண்டியை இணையவழியில் வாங்குவதா, உள்ளூர்க் கடையில் வாங்குவதா என்னும் வினா இன்று பெரும்பாலும் விலை ஒப்பீடாகவே பேசப்படுகிறது. ஆனால், உள்ளூர்க் கடையைத் தவிர்த்து மிதிவண்டி பெறும் வழக்கம் தமிழகத்திற்குப் புதியதன்று. காலனியக் காலத்து வி.பி.பி. முறை, 2001-02 முதல் நடைபெறும் அரசின் மிதிவண்டித் திட்டம், இன்றைய இணைய வணிகம் ஆகிய மூன்றும் அவ்வழக்கத்தின் மூன்று வடிவங்கள். மதுரை நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு இம்மூன்றையும் ஒப்பிடுகிறது இக்கட்டுரை. மிதிவண்டி தொழிற்சாலையிலிருந்து முழுமை பெறாத பொருளாகவே வெளிவருகிறது. அதை முடித்துத் தரும் பொருத்துவேலை எக்காலத்திலும் கைவினைஞர் ஒருவரிடமே வந்து சேர்ந்துள்ளது. அவ்வேலைக்குரிய கூலியும் பொறுப்பும் யாரைச் சார்ந்தவை என்பதே காலந்தோறும் மாறியுள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மிதிவண்டி, மதுரை, வி.பி.பி. முறை, வாடகைக் கடை, பொருத்துவேலை, இணைய வணிகம்

முன்னுரை

இந்தியாவில் எளிய இயந்திரங்களின் சமூக வரலாற்றை ஆராய்ந்தவர்களுள் டேவிட் அர்னால்டு குறிப்பிடத்தக்கவர். 2013இல் வெளிவந்த அவருடைய நூல் மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகிய நான்கையும் அன்றாடத் தொழில்நுட்பங்கள் என வகைப்படுத்தி, அயல்நாட்டிலிருந்து வந்த இவை உள்ளூர்க் கைகளில் புதிய பயன்களைப் பெற்றதை விளக்குகிறது. இந்நோக்கு பொருளின் பயன்பாட்டிற்கு அளிக்கும் அழுத்தத்தைப் பொருள் விற்கப்பட்ட இடத்திற்கும் அளிக்க வேண்டியுள்ளது. மிதிவண்டிக் கடை விற்பனை நிலையமாக மட்டும் இயங்கவில்லை. அது பட்டறையாகவும், வாடகை நிலையமாகவும், கடன் தரும் இடமாகவும், இளைஞர் தொழில் கற்கும் இடமாகவும் ஒருங்கே இருந்தது. கடையின்றியே மிதிவண்டி வாங்க இயலும் நிலையில் இப்பணிகளுள் எவை மறைகின்றன, எவை வேறிடம் பெயர்கின்றன என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மதுரைச் சமவெளி இவ்வினாவிற்குப் பொருத்தமான களம். பெரியாறு அணை நீர் 1895 முதல் வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டதால் மேலூர் வரையிலான நிலப்பகுதியில் பாசன வேளாண்மை விரிவடைந்தது. நெல், காய்கறி, பால், மல்லிகை ஆகியவை நாள்தோறும் நகர் நோக்கி வந்தன. நூற்பாலைகளின் பணி முறைகள் பேருந்து நேரத்திற்குக் கட்டுப்படாதவை. சௌராட்டிர நெசவாளர்களின் துணிக்கட்டுகளும் சாயப்பட்டறைச் சரக்குகளும் தெருவிட்டுத் தெரு செல்ல வேண்டியிருந்தது. மேடு குறைந்த இந்நிலத்தில் இத்தேவைகளுக்கு உகந்த ஊர்தியாக மிதிவண்டி நிலைபெற்றது.

1. வி.பி.பி. முறையும் தொலைவழிக் கொள்முதலும்

தொலைவிலுள்ள வணிகரிடம் பொருளைக் கோரிப் பெற்று, பெறும்பொழுது பணம் செலுத்தும் முறை இந்திய அஞ்சல் துறையில் 1877இல் தொடங்கியது. மதிப்புப் பெறும் அஞ்சல் எனத்தக்க இம்முறை மக்கள் வழக்கில் வி.பி.பி. எனப்பட்டது. அஞ்சல்காரர் பொதியைக் கொடுத்துப் பணத்தைப் பெற்று, அஞ்சலகம் வழியாக விற்றவருக்குச் சேர்ப்பிப்பார். வாங்குபவர் விற்பவரை அறியார். விற்பவர் வாங்குபவரை அறியார். இருவருக்குமிடையே அஞ்சல் துறை நம்பிக்கையின் பொறுப்பாளராக நின்றது. 2010 முதல் இந்திய இணைய வணிகத்தில் பரவிய, பொருளைப் பெறும்பொழுது பணம் கொடுக்கும் ஏற்பாடு, இம்முறையின் தருக்கத்தையே மீட்டெடுத்தது எனலாம்.

மதுரைக்கு இருப்புப்பாதை 1875இல் வந்தது. எனவே, சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களின் விலைப்பட்டியல்கள் அஞ்சலிலும், அவற்றைப் பார்த்துக் கோரிய சரக்குகள் ரயிலிலும் மதுரைக்கு வர இயன்றது. விளக்கு, மணி, டயர், டியூப் போன்ற சிறு பொருள்கள் அஞ்சல் பொதிக்குள் அடங்கின. முழு மிதிவண்டி அவ்வாறு அடங்காது. அது ரயில் பார்சலாகவே வர வேண்டும். இத்தகைய பெருஞ்சரக்குகளுக்கு வணிகர்கள் ஓர் உத்தியைக் கையாண்டனர். சரக்கை ரயிலில் ஏற்றிவிட்டு, அதை மீட்பதற்குரிய ரயில்வே ரசீதை மட்டும் வி.பி.பி.யில் அனுப்பினர். அஞ்சலகத்தில் பணம் செலுத்தி ரசீதைப் பெற்றவரே நிலையத்தில் சரக்கை எடுக்க முடியும்.

இம்முறை பணம் குறித்த ஐயத்தைத் தீர்த்தது. பொருள் குறித்த சிக்கலைத் தீர்க்கவில்லை. மரப்பெட்டியில் வந்தவை சட்டகம், சக்கரங்கள், கைப்பிடி, பெடல்கள், இருக்கை எனத் தனித்தனி உறுப்புகள். அவற்றைக் கோத்து ஓடும் வண்டியாக்கும் திறன் பெட்டியுடன் வரவில்லை. பூட்டு, துப்பாக்கி, தையல் இயந்திரம் ஆகியவற்றைப் பழுதுபார்த்த கைவினைஞர்கள் இந்திய நகரங்கள் பலவற்றில் இவ்வேலையையும் மேற்கொண்டனர். இக்கட்டத்தில் மிதிவண்டி அதிகாரிகள், மறைப்பணியாளர்கள், வழக்கறிஞர்கள், வசதிபடைத்த வணிகர்கள் ஆகியோருக்குரிய பொருளாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆங்கிலேய மிதிவண்டியின் விலை, கீழ்நிலை எழுத்தர் ஒருவரின் மாதச் சம்பளத்தைப் பல மடங்கு விஞ்சியது. 1930களில் மலிவான சப்பானிய வண்டிகளும் உறுப்புகளும் இறக்குமதியானதே விலையைத் தணிக்கத் தொடங்கியது.

2. உள்நாட்டு உற்பத்தியும் விற்பனையாளர் வலையமைப்பும்

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு உள்நாட்டு உற்பத்திக்கு வழிவகுத்தது. முருகப்பா குழுமம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியது. சென்னையை அடுத்த அம்பத்தூர் ஆலையிலிருந்து 1951 முதல் ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன. பின்னர் பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்களும் சேர்ந்தன. அதே 1951இல் சோனிப்பட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ, வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே என உற்பத்தி பரவியது. பன்னாட்டுப் பெயர்கள் உள்நாட்டு முத்திரைகளாயின.

இவ்வுற்பத்தி முறையின் ஒரு கூறு உள்ளூர்க் கடையின் வரலாற்றைத் தீர்மானித்தது. முழுமையாகப் பொருத்தப்பட்ட மிதிவண்டி லாரியில் மிகுந்த இடத்தை அடைப்பது. உறுப்புகளாகப் பிரித்து அடுக்கினால் அதே இடத்தில் பல வண்டிகளை ஏற்றலாம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 450 கி.மீ., லூதியானாவிலிருந்து 2500 கி.மீ.க்கு மேல் எனும் தொலைவுகளில் இவ்வேறுபாடு பெருஞ்செலவாகும். எனவே தொழிற்சாலைகள் சட்டகத்தையும் உறுப்புகளையும் தனித்தனிக் கட்டுகளாக அனுப்பின. இறுதி வேலை விற்பனையாளரிடம் விடப்பட்டது. தொழிற்சாலையின் கடைசிப் பணிமேடை மதுரையின் வெளி வீதிகளிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிக் கடைத்தெருக்களிலும் இருந்தது என்று கூறுவது மிகையாகாது.

3. உள்ளூர்க் கடையின் பணிகள்

கடைக்காரர்களின் வழக்கில் இவ்வேலை ‘பிட்டிங்’ எனப்படும். பழைய வகைக் கறுப்பு வண்டியின் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளுமாக 72 போக்ஸ் கம்பிகள் உண்டு. அவற்றின் முறுக்கம் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால்தான் ரிம் நேராகச் சுழலும். சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம் எப்பக்கம் ஒதுங்குகிறது என்பதைக் கண்டு, கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவது ‘கோட்டம் எடுத்தல்’. அச்சுகளில் குண்டுகளை எண்ணி அடுக்கிக் கிரீஸ் இடுதல், காட்டர் பின்னை அடித்து இறக்குதல், செயினின் தொய்வைச் சரிபார்த்தல், பிரேக் கட்டைகளை ரிம்முடன் ஒத்திசைத்தல் எனத் தொடரும் இப்பணிக்குத் தனிக் கூலி கேட்கப்படுவதில்லை. அது விற்பனை விலைக்குள் அடங்கியிருந்தது. சில வாரங்கள் ஓட்டியபின் கம்பிகள் தளரும் என்பதால், வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து இறுக்கிக்கொள்வதும் விற்பனையின் பகுதியாகவே கருதப்பட்டது.

இரண்டாவது பணி வாடகை. மட்கார்டில் கடையின் பெயரும் எண்ணும் எழுதப்பட்ட வண்டிகள் மணிக்கணக்கில் விடப்பட்டன. எடுத்த நேரமும் விட்ட நேரமும் நோட்டில் குறிக்கப்பட்டன. பெரிய வண்டியின் பாருக்குக் கீழே காலை நுழைத்து ஓட்டும் ‘குரங்கு பெடல்’ முறையில் சிறுவர்கள் கற்றது பெரும்பாலும் இவ்வண்டிகளில்தான். 2024இல் இப்பெயரிலேயே வெளிவந்த திரைப்படத்தின் கதை வாடகை மிதிவண்டியை மையமாகக் கொண்டது என்பது இந்நினைவின் பரவலைக் காட்டுகிறது. பொருளியல் நோக்கில் வாடகைக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. சட்டகம் 22 அங்குலமா 24 அங்குலமா, எந்த முத்திரை மிதிக்க இலகு, எதன் கேரியர் பால்கேனைத் தாங்கும் என்பவற்றை வாங்குவதற்கு முன்பே மக்கள் உடலால் அறிந்திருந்தனர். கடை முன்னிலையில் நடந்த தேர்வு, பல ஆண்டு வாடகைப் பழக்கத்தின் முடிவாக அமைந்தது.

மூன்றாவது பணி கடன். அரசு ஊழியர்க்குச் சைக்கிள் முன்பணம் கிடைத்தது. பிறருக்குக் கடைக்காரரின் தவணையே துணை. ஆலைத் தொழிலாளி சம்பள நாளிலும், உழவர் அறுவடையிலும், பால்காரர் வாரந்தோறும் செலுத்தும் வகையில் தவணை வளைந்து கொடுத்தது. திருமணத்தில் மாப்பிள்ளைக்கு மிதிவண்டி கொடுக்கும் வழக்கம் வேரூன்றிய காலத்தில், பெண் வீட்டார் மீது விழுந்த அச்சுமையும் இத்தவணைக் கணக்குகளின் வழியே நகர்ந்தது.

நான்காவது பணி தொழிற்கல்வி. காற்றடிப்பதில் தொடங்கி, பஞ்சர் ஒட்டி, கோட்டம் எடுக்கக் கற்று, பின்னர் தனிக் கடை வைப்பது என்பது பலரின் வாழ்க்கைப் பாதை. இப்பாதை பள்ளிப்படிப்பை இழந்த சிறுவர்களின் குறைந்த கூலி உழைப்பின் மேல் எழுந்தது என்பதையும் மறைக்கலாகாது.

4. அறிமுகமும் விலக்கமும்

இப்பணிகளில் வாடகைக்கும் கடனுக்கும் அடிப்படை அறிமுகம். முன்பணமோ அடையாள அட்டையோ இன்றி ஒரு வண்டியை அனுப்பிவைக்கக் கடைக்காரருக்குத் தேவைப்பட்ட தகவல், வந்தவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதே. இது நெருக்கத்தின் அடையாளமாக நினைவுகூரப்படுகிறது. ஆனால், அறிமுகத்தின் மேல் எழுந்த வணிகம் அறிமுக வட்டத்திற்கு வெளியே இருந்தவரைச் சமமாக நடத்தியிருக்க இயலாது. தமிழகச் சிற்றூர்களில் ஆதிக்கச் சாதியினரின் தெருக்களில் தலித்துகள் மிதிவண்டியில் அமர்ந்து செல்லத் தடை இருந்ததும், அவர்கள் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டியிருந்ததும் தீண்டாமை குறித்த கள ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளன. மதுரை மாவட்டமும் அவ்வாய்வுகளுக்குப் புறம்பானதன்று. ஓட்டிச் செல்லும் உரிமையே சாதியால் வரையறுக்கப்பட்ட இடத்தில், ‘யார் வீட்டுப் பிள்ளை’ என்னும் கேள்வி வெறும் விசாரிப்பாக இருந்திருக்காது.

பெண்களின் நிலையும் இத்தகையதே. கடையில் பேசி, பேரம் பேசி, ஓட்டிப் பார்ப்பது ஆண்களின் செயலாகவே இருந்தது. மதுரைக்கு வடகிழக்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுடன் மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார். இவ்வியக்கத்தைப் பதிவுசெய்த இதழாளர் பி. சாய்நாத், பெண்களுக்கான வண்டிகள் போதிய அளவில் கிடைக்காமையால் பலர் ஆண்களுக்கான வண்டிகளையே ஓட்டியதைக் குறிப்பிடுகிறார். கடைகளின் இருப்பு அதுவரை எவரை வாடிக்கையாளராகக் கருதியது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

எனவே, முகமறியாத கொள்முதலை இழப்பாக மட்டும் கருத இயலாது. சாதியையோ பாலினத்தையோ கேளாமல், எழுதியிருக்கும் விலைக்குப் பொருளைத் தருவது தொலைவழி வணிகத்தின் வலிமை. அது வி.பி.பி. காலத்திற்கும் இணைய காலத்திற்கும் பொருந்தும்.

5. அரசுக் கொள்முதல்

உள்ளூர்க் கடையைத் தவிர்த்த இரண்டாவது பெருநிகழ்வு அரசின் மிதிவண்டித் திட்டம். மேல்நிலை வகுப்பில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கு 2001-02இல் தொடங்கிய இத்திட்டம், 2005-06இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு விரிவாக்கப்பட்டது. மேல்நிலைப் பள்ளி தொலைவில் இருப்பதாலேயே பெண்கள் படிப்பை நிறுத்தும் நிலைக்கு இது நேரடியான விடையாக அமைந்தது. முந்தைய பகுதியில் சுட்டிய விலக்கத்தைக் கடைகள் அல்ல, அரசே பெருமளவில் உடைத்தது.

ஆனால், மாநிலம் முழுமைக்கும் ஒப்பந்தப்புள்ளி வழியாக உற்பத்தியாளரிடம் நேரடியாகக் கொள்முதல் செய்யப்பட்டதால் சிறு விற்பனையாளர் இதில் இடம்பெறவில்லை. உறுப்புகளாக வந்த வண்டிகள் பள்ளி வளாகங்களில் ஒப்பந்தப் பணியாளர்களால் விரைந்து பொருத்தப்பட்டன. பெற்ற வண்டியை அருகிலுள்ள கடைக்குக் கொண்டுசென்று இறுக்கி, பிரேக்கைச் சரிசெய்த பின்னரே ஓட்டுவது மாணவர்களிடையே வழக்கமாயிற்று. விற்பனை கடையை விட்டு நீங்கியது. பொருத்துவேலையின் எஞ்சிய பகுதி கடைக்கே திரும்பியது. இம்முறை அதற்குரிய கூலி விலைக்குள் இல்லை. மாணவரின் குடும்பம் தனியே கொடுத்தது.

இதே காலத்தில் கடைகளின் அடித்தளமும் மாறிக்கொண்டிருந்தது. மதுரையில் தோன்றிய டி.வி.எஸ். குழுமத்தின் டி.வி.எஸ். 50 மொபெட் 1980இல் சந்தைக்கு வந்த பிறகு, பால்காரரும் காய்கறி வணிகரும் படிப்படியாக அதற்கு மாறினர். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மிதிவண்டி வைத்திருந்த குடும்பங்கள் 2001இல் 43.7 விழுக்காடு, 2011இல் 44.8 விழுக்காடு. இருசக்கர மோட்டார் வண்டி வைத்திருந்தவையோ 11.7இலிருந்து 21.0 விழுக்காடாயின. மிதிவண்டி மறையவில்லை, அது பிழைப்பிற்கான ஊர்தி என்னும் நிலையிலிருந்து பள்ளி மாணவர், உடற்பயிற்சி செய்வோர், வசதி குறைந்தோர் ஆகியோரின் ஊர்தியாக மாறியது. வாடகை வண்டிகள் இம்மாற்றத்தில் ஏறத்தாழ இல்லாமலாயின. வாங்குமுன் உடலால் அறியும் வாய்ப்பும் அவற்றுடன் போயிற்று.

6. இணையவழிக் கொள்முதல்

பிளிப்கார்ட் 2007இலும் அமேசானின் இந்தியத் தளம் 2013இலும் தொடங்கின. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் மிதிவண்டிக்கான தேவை திடீரென உயர்ந்தபொழுது, இணையவழிக் கொள்முதல் மேலும் பழக்கமாயிற்று. உள்ளூர்க் கடையில் காணக்கிடைக்காத கியர் வண்டிகள், பல அளவுகள், வெளிப்படையான விலை, தவணை வசதி ஆகியவை இதன் நன்மைகள். அலங்காநல்லூரை அடுத்த சிற்றூரில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் ஒரே பட்டியலைக் காண இயலும்.

வந்து சேர்வதோ அட்டைப்பெட்டி. பின்சக்கரம் பொருத்தப்பட்ட சட்டகத்துடன் முன்சக்கரம், கைப்பிடி, பெடல்கள், இருக்கை, மட்கார்டு ஆகியவை தனியாக இருக்கும். விளக்கத்தாளும் சாவிகளும் உடன் வருகின்றன. ஆயினும் சில நுட்பங்கள் பழக்கத்தால் மட்டுமே கைவருபவை. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் முறுக வேண்டியது. இதை அறியாமல் வலிந்து திருகினால் கிராங்கின் மரை அழியும். முன்கவையைப் பின்னோக்கித் திருப்பிப் பூட்டுவது மற்றொரு பொதுப்பிழை. பயணத்தில் அதிர்ந்த சக்கரத்திற்குக் கோட்டம் எடுக்க வேண்டியிருக்கும். முடிவில் பெட்டி தெருமுனைக் கடைக்கே செல்கிறது. ரயில் நிலையத்திலிருந்து மரப்பெட்டியைக் கொண்டுவந்தவரின் நிலையும் இவருடைய நிலையும் வடிவில் ஒன்றே.

வேறுபாடு மூன்று இடங்களில் அமைகிறது. முதலாவது, கூலி. கடையில் வாங்கும் வண்டியின் விலை பிட்டிங்கையும் பின்னர் வரும் இறுக்கத்தையும் உள்ளடக்கியது. இணைய விலை அவற்றை உள்ளடக்காது. சில விற்பனையாளர்கள் பொருத்துநரை அனுப்பினாலும் அவ்வசதி எல்லா ஊர்களுக்கும் எட்டுவதில்லை. இரு விலைகளையும் நேர்நிறுத்தி ஒப்பிடுவது, வேலை சேர்ந்த பொருளையும் வேலை சேராத பொருளையும் ஒப்பிடுவதாகும். இரண்டாவது, பொறுப்பு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் விற்பனையாளரையும் தளத்தையும் கடமைக்கு உட்படுத்துகின்றன. பிரேக் பிடிக்காமல் ஒரு மாணவர் விழுந்தால், குறை உறுப்பிலா, பொருத்தியதிலா என்னும் வினா எழும். விற்றவரே பொருத்தியபொழுது இவ்வினாவிற்கு ஒரே முகவரி இருந்தது. இப்பொழுது பொருத்தியவர் ரசீது தராத தெருமுனைத் தொழிலாளி. விற்றவர் அவரை அறியார். மூன்றாவது, தொழிலின் தொடர்ச்சி. விற்பனை இலாபமே பட்டறையின் வாடகையையும் உதவியாளரின் கூலியையும் தாங்கியது. பஞ்சருக்கும் கோட்டத்திற்கும் கிடைக்கும் சிறுதொகை மட்டும் எஞ்சினால், புதியவர் இத்தொழிலுக்கு வரும் காரணம் குறைகிறது. இணையத்தில் வாங்கியவருக்கும் நாளை பொருத்துநர் தேவை. ஆனால் அவரை உருவாக்கும் செலவில் இணைய விலை பங்கேற்பதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. இணையவழிக் கொள்முதல் மதுரை வட்டார மிதிவண்டி வணிகத்தில் முற்றிலும் புதிய முறிவு அன்று, வி.பி.பி. முறையும் அரசுக் கொள்முதலும் அதற்கு முன்னோடிகள். இம்மூன்றும் அறிமுகத்தின் அடிப்படையில் இயங்கிய கடையின் எல்லையைத் தாண்டி, விலக்கப்பட்டோர்க்கும் பொருளைக் கொண்டுசேர்க்கும் ஆற்றல் உடையவை. எனினும் இவற்றுள் எதுவும் பொருத்துவேலையை நீக்கவில்லை. கடைக்காலத்தில் விலைக்குள் மறைந்திருந்த அவ்வேலை, கடை விலகியபொழுது கூலி உறுதியற்ற, பொறுப்பு வரையறுக்கப்படாத தனிவேலையாயிற்று.

பொருத்துக்கூலியை இணைய விலையுடன் சேர்த்துக் காட்டுதல், உள்ளூர்ப் பட்டறைகளை அங்கீகரித்து அவ்வேலையை ஒப்படைத்தல், பொருத்தியவர் ரசீது வழங்குதல் ஆகியவை இந்நிலையைச் சீராக்கும் வழிகள். பழைய கடைக்குத் திரும்புதல் இதன் பொருளன்று. கடை செய்த வேலையை வேலையாக ஏற்றல் என்பதே பொருள்.

இத்துறையில் மேலாய்வுக்கு இடமுண்டு. வாடகை நோட்டுகள், தவணைக் கணக்குகள், சட்டக எண் குறித்த விற்பனைப் பட்டியல்கள், நகராட்சிகள் வழங்கிய மிதிவண்டி உரிமத் தகடுகள் ஆகியவை யார் வாங்கினர், யாருக்குக் கடன் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கான முதன்மைச் சான்றுகள். கடைகள் மூடப்படுகையில் இவை பழைய காகிதமாக எடைக்குப் போகின்றன. மூத்த பொருத்துநர்களின் வாய்மொழிப் பதிவுகளுடன் இவற்றைத் தொகுப்பது மதுரை வட்டாரக் கல்வி நிறுவனங்களின் வரலாற்றுத் துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.